மூட்டுவாதமும் வயிறும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூட்டுவலிக்காரர்கள் வயிற்றைப் பற்றிப் பேசுவது கடைசியில்தான். டாக்டரிடம் முட்டு, விரல், முதுகு எல்லாம் சொல்லி முடித்து, எழுந்து கதவைத் திறக்கும்போது, "பிறகு டாக்டரே, வெளிக்குச் சரியாப் போகமாட்டேங்குது" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கும் கேள்விகளை இங்கே பிரித்து எழுதியிருக்கிறோம்.

கைகால் மூட்டில் வரும் நோய்க்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?

மூன்று வழியில் சம்பந்தம் வரும். முதலாவது மாத்திரை: வலிக்கும் வாதத்துக்கும் சாப்பிடும் மருந்துகளில் பல, வயிற்றைக் கட்டும் அல்லது இளக்கும். இரண்டாவது கழிப்பறை. முழங்கால் மடங்காதவருக்குக் குந்துவது தண்டனை. அதனால் போவதைத் தள்ளிப்போடுவார், தண்ணீரைக் குறைப்பார், மலம் இறுகும். மூன்றாவதுதான் மூட்டையும் குடலையும் சேர்த்துப் பிடிக்கும் நோய்கள்.

பயம் முழுவதும் மூன்றாவதில் இருக்கும். காரணம் பெரும்பாலும் முதல் இரண்டில் இருக்கும். வயதானால் வரும் முழங்கால் தேய்வு குடலைத் தொடுவதே இல்லை. அந்த வீட்டில் மலச்சிக்கல் என்றால், மாத்திரைப் பையையும் கக்கூஸ் கதவையும் பார்த்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

எந்த மாத்திரை என்ன செய்யும்?

மாத்திரைப் பையை மேசையில் கொட்டி ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பாருங்கள். கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை வாசியுங்கள்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன், ஐபுப்ரோஃபென் ஆகியவை வலியையும் வீக்கத்தையும் குறைப்பவை. வயிற்றின் உள்தோலைக் காக்கும் சுரப்பையும் சேர்த்தே குறைத்துவிடும். அதனால் எரிச்சல், புண், ரத்தக் கசிவு. சாப்பிட்டபின் போட்டால் எரிச்சல் குறையுமே தவிர, புண் வராது என்று சொல்ல முடியாது. மருந்து ரத்தத்தில் கலந்தபிறகும் அந்த வேலையைச் செய்கிறது; ஊசியாகப் போட்டாலும் அப்படித்தான். எட்டோரிகாக்சிப் வயிற்றுக்குக் கொஞ்சம் சாது. இருதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது வேறு தொல்லை.

கடும் வலிக்குத் தரும் ட்ரமடால், கோடீன், டபென்டடால் குடலின் அசைவையே மெதுவாக்கும். இவற்றைத் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். கட்டிப்போன பிறகு தொடங்கினால் இரண்டு மடங்கு பாடு. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகள், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் இவையும் கட்டும்.

இளக்குபவை, வாதத்தை அடக்கத் தரும் மருந்துகள்: லெஃப்லூனமைட் (பேதி மிகச் சாதாரணம், 20 மி.கி.யை 10 ஆகக் குறைத்தாலே பலருக்கு நிற்கும், குறைப்பது டாக்டர் முடிவு), மெத்தோட்ரெக்ஸேட், ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின், சல்ஃபசலசைன். கடைசியாகச் சொன்னதை 500 மி.கி.யில் தொடங்கி வாரவாரம் ஏற்றுவார்கள். பொறுமையில்லாமல் ஒரேயடியாக நாலு மாத்திரை போட்டால் வயிறு புரட்டும். அதைச் சாப்பிடும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம்.

மருந்துக்கடையில் வலிக்கு ஒரு செட்டு மாத்திரை பொட்டலமாகத் தருகிறார்கள். அதைச் சாப்பிடலாமா?

கூடாது. அட்டையில்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. டாக்டர் எழுதிய டைக்ளோஃபெனாக்கோடு அதிலும் ஒரு டைக்ளோஃபெனாக், கூடவே ஒரு ஸ்டீராய்டு இருந்தால், இரண்டும் சேர்ந்து வயிற்றுப் புண்ணுக்கான வாய்ப்பைப் பல மடங்கு ஏற்றும். இருதயத்துக்கு ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ சாப்பிடுகிறவருக்கு இன்னும் மோசம்.

வலிமாத்திரை தொடர்ந்து தேவைப்படுகிற 65 வயது தாண்டியவர்கள், முன்பு புண் வந்தவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் போன்ற ஒன்றைச் சேர்த்துத்தர டாக்டரிடம் கேட்க வேண்டும். காலை ஆகாரத்துக்கு அரைமணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் போட வேண்டும். புட்டும் கடலையும் முடித்துவிட்டுப் போட்டால் பாதி வீண். இன்னொன்று: இது இரைப்பையைக் காக்கும், சிறுகுடலைக் காக்காது. அதனால் வலிமாத்திரையைக் குறைப்பதுதான் மெய்யான காவல். முழங்கால், கைவிரல் தேய்வுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தடவினால் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம், வயிறு தப்பும்.

மலம் கறுப்பாகப் போகிறது. பயப்பட வேண்டுமா?

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் கரும்பச்சையாக, கட்டியாகப் போகும், நாற்றம் வழக்கம்போல. வயிற்றில் ரத்தம் கசிந்தால் தார் மாதிரி, பளபளப்பாக, ஒட்டிக்கொண்டு, வீட்டையே தூக்கும் நாற்றத்தோடு போகும். வெள்ளம் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டியிருக்கும். அப்படிப் போனாலே மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம்; அத்துடன் தலைசுற்றல், வெளிறிய முகம், படி ஏறினால் மூச்சுவாங்கல் இருந்தால் அவசரம் இன்னும் கூடுதல். வலிமாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை. வலிமாத்திரை வலியை அமுக்கி வைத்திருப்பதால் புண் இருந்தும் வயிறு வலிக்காமலே ரத்தம் போகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

எங்க அம்மைக்கு வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை. அடுத்த நாள் வயிறு கலக்குது. நிறுத்திரலாமா?

அது மெத்தோட்ரெக்ஸேட். நீங்களாக நிறுத்த வேண்டாம். முடக்குவாதத்தில் மூட்டு கோணாமல் காக்கும் முக்கிய மருந்து அதுதான். முதலில் இரண்டு காரியம் பாருங்கள். ஃபோலிக் அமிலம் 5 மி.கி. கூட எழுதியிருக்கிறதா, அதை வேறு நாளில் சாப்பிடுகிறாரா? மாத்திரையை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் நேரத்தில் பாதி தூக்கத்தில் கழியும். இரண்டும் செய்தும் தாளவில்லையென்றால், அதே மருந்தைத் தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றலாமா என்று கேளுங்கள். பலருக்கு வயிறு அதில் அமைதியாகும்.

ஆபத்து எங்கே என்றால், வாரத்துக்கு ஒருநாள் சாப்பிட வேண்டியதைத் தினமும் சாப்பிட்டுவிடுவதில். ஃபோலிக் அமிலமும் இதுவும் சின்ன மஞ்சள் மாத்திரைகளாகவே பல கம்பெனிகளில் வரும். கண் மங்கிய பாட்டி எடுத்து மாற்றிப் போடுவதற்கு ஒரு நிமிஷம் போதும். அட்டையின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று பெரிதாக எழுதி, மற்ற மாத்திரை டப்பாவில் வைக்காமல் அலமாரியில் தனியாக வையுங்கள். வாயில் புண், பேதி, காய்ச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் மருந்து அளவு மிஞ்சியிருக்கலாம். உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

மூணு நாளைக்கு ஒருக்காதான் வெளிக்குப் போகிறார். மாத்திரை ஒன்றும் பெரிதாக இல்லை. ஏன்?

கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றத்தைத் தாண்டி, கிணற்றுக்கு அப்பால், விளையின் ஓரத்தில் இருக்கும். இரண்டு படி இறங்கி, பாசி பிடித்த நடையில் போய், உள்ளே குந்தி, எழ வேண்டும். எழும்போது முழங்காலில் குத்தும் வலியை நினைத்தே, வரும் உணர்வை அடக்குவார்கள். இரவில் எழ வேண்டிவருமே என்று சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகு வெள்ளமே குடிக்காதவர்கள் இருக்கிறார்கள். மலக்குடலில் தங்கும் மலத்திலிருந்து உடம்பு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அடக்கிப் பழகியவருக்குக் கொஞ்ச நாளில் உணர்வே மங்கிவிடும்.

ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்களுக்கும் அண்டி ஆபீஸில் (முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலையில்) நாள் முழுக்க ஒரே இடத்தில் இருந்து வேலை பார்க்கும் பெண்களுக்கும் இதே கதை வேறு விதத்தில். விடிவதற்கு முன் மரத்தடிக்குப் போய்விடுகிறவருக்குக் காலைக்கடன் நேரமே கிடையாது. இவர்களுக்கெல்லாம் பேதிமருந்து கொடுத்துப் பயனில்லை. இடத்தையும் நேரத்தையும் சரிசெய்ய வேண்டும்.

இருக்கிற இந்தியன் கக்கூஸை இடிக்காமல் என்ன செய்யலாம்?

கமோடு ஸ்டூல் வாங்கலாம்: நாலு கால், நடுவில் ஓட்டை, பீங்கானுக்கு மேல் அப்படியே தூக்கி வைப்பது. வாங்கும்போது உயரத்தைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். ஆளை ஒரு நாற்காலியில் பாதம் தரையில் பதிய உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை டேப்பில் அளங்கள். அதோடு 5 செ.மீ. கூட்டினால் அவருக்கு எழ வசதியான உயரம். பெரும்பாலும் 45 செ.மீ. பக்கம் வரும். கடைகளில் வரும் சாதாரண மேற்கத்திய கமோடு இதைவிடத் தாழ்வு என்பதால், புதிதாகக் கமோடு வைத்த வீடுகளிலும் மேலே மாட்டும் உயர வளையம் ஒன்று தேவைப்படலாம்.

ஸ்டூலில் என்ன பிழை வரும் என்றும் சொல்லிவிடுகிறோம். கால்களில் ரப்பர் புஷ் இல்லையென்றால் ஈர டைல்ஸில் வழுக்கும். ரப்பர் தேய்ந்ததும் மாற்ற வேண்டும். குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் பெயின்ட் அடித்த இரும்பு சீக்கிரம் துருப்பிடித்து வெல்டிங் மூட்டில் விட்டுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். உயரத்திலிருந்து விழுவதால் தெறிக்கும். ஓட்டைக்குக் கீழே புனல் மாதிரித் தடுப்பு உள்ளதைக் கேளுங்கள். சிலர் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை வெட்டிப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெட்டிய நாற்காலியின் பலம் போய்விடும், கால் விரிந்து ஆள் விழுந்தால் இடுப்பெலும்பு.

கைப்பிடிக் கம்பி 32 முதல் 38 மி.மீ. கனத்தில், உட்காரும் மட்டத்திலிருந்து 20 முதல் 30 செ.மீ. மேலே, பலமுள்ள கைப் பக்கம். முடக்குவாதத்தில் விரல் மடங்காதவர் கம்பியை இறுக்கிப் பிடிக்க முடியாது. அவருக்கு முன்கையை அப்படியே வைத்து அழுத்தி எழும்படி தரைக்கு இணையாக வையுங்கள். சுண்ணாம்பும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவரில் ஆங்கர் நிற்காது, இரண்டு மாதத்தில் ஆடும். தரையிலிருந்து எழுப்பிக் கட்டுங்கள். துண்டு போடும் கம்பியும் குழாயும் பிடிமானமல்ல.

போகும் நடையில் ஆனி, ஆடி மழைக்கு முன்பும் ஐப்பசிக்கு முன்பும் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பாசியைத் தேய்த்துவிடுங்கள். இரவுக்கு மட்டும் கட்டிலருகே வாளி வைத்த கமோடு நாற்காலி. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரவில் விழுந்து படுப்பதைவிட வாளி கழுவுவது எளிது.

உயரமாக உட்கார்ந்தால் மலம் சரியாக இறங்காது என்கிறார்களே?

உண்மைதான். குந்தும்போது மலக்குடலின் வளைவு நேராகும். நாற்காலி மாதிரி உட்கார்ந்தால் வளைவு அப்படியே இருக்கும். இரண்டையும் சேர்க்க வழி இருக்கிறது. உயரமான இருக்கையில் உட்கார்ந்தபின், 15 முதல் 20 செ.மீ. உயரப் பலகை ஒன்றைப் பாதத்தால் இழுத்து, இரண்டு காலையும் அதன்மேல் வையுங்கள். முழங்கால் இடுப்புக்கு மேலே வர, முன்னுக்குச் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றுங்கள். மூச்சைப் பிடித்து முக்க வேண்டாம். வயிற்றை உப்பவைத்து வாயால் மெல்ல மூச்சு விடுங்கள். முடிந்ததும் பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் எழ வேண்டும். இதை மறந்து தடுக்கி விழுகிறவர்கள் உண்டு.

இடுப்பு மூட்டு மாற்று அறுவைசிகிச்சை செய்தவர்கள் இதைச் செய்யக்கூடாது. இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கினால் மூட்டு விலகலாம். அவர்களுக்கு உயர இருக்கை மட்டும், கூட மலத்தை மென்மையாக வைக்கும் மருந்து.

காலையில் உடம்பு இறுகிக் கிடக்கும்போதுதான் உணர்வு வருது. எழுந்து போறதுக்குள்ளே போயிருது.

முடக்குவாதத்தில் காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். வயிற்றில் எதுவும் விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். அது எல்லோருக்கும் உள்ள இயல்பு. ஆகவே தேயிலை குடித்த இருபதாவது நிமிஷம் உணர்வு வரும், கால் இன்னும் விடாமல் இருக்கும்.

நேரத்தை நகர்த்துங்கள். முந்திய இரவே ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்து, எழுந்ததும் படுக்கையிலேயே மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் மெல்ல அசைத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, இறுக்கம் விட்டபின் முதல் தேயிலையோ சுக்குக் காப்பியோ குடியுங்கள். குடித்தபின் இருபது, முப்பது நிமிஷத்தில் உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்காருங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார வேண்டாம். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் குடல் அந்த நேரத்துக்குப் பழகும்.

வயிற்றைத் தடவிவிடலாம். வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே விலா வரை, குறுக்கே இடது பக்கம், அங்கிருந்து கீழே. பெருங்குடல் போகும் வழி அதுதான். விரல் வலிப்பவர்கள் உள்ளங்கையின் அடிப்பகுதியாலோ ஒரு டென்னிஸ் பந்தை உருட்டியோ செய்யலாம். பத்து நிமிஷம், சாப்பிட்ட உடனே அல்ல.

துணியும் தடை ஆகும். பாவாடை நாடாவையும் பேன்ட் கொக்கியையும் விரல் அவிழ்க்காது. நைட்டி, எலாஸ்டிக் வைத்தது, ஆண்களுக்குக் கைலி. உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியே "ஆள் உண்டு" என்று ஒரு அட்டை தொங்கவிடுங்கள். அவசரத்துக்குக் கதவு திறக்க முடியும்.

கழுவிக்கொள்ளக் கை எட்டவில்லை.

சுவரில் மாட்டும் கை ஷவர் உதவும். ஆனால் அதன் கட்டைவிரல் விசையை அழுத்துவது முடக்குவாதக் கைக்குக் கடினம். கமோடுக்குள்ளேயே பீய்ச்சும் ஜெட்டைப் பொருத்தி, நீளப் பிடி வால்வை முழங்கை எட்டும் இடத்தில் வையுங்கள். இதற்கெல்லாம் செலவு செய்ய முடியாதவர்கள் நீள மூக்குப் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிழிந்து பயன்படுத்தலாம். பெண்கள் முன்னிருந்து பின்னாகத்தான் கழுவ வேண்டும். அடிக்கடி பேதி போகிறவர்கள் ஒற்றித் துடைத்து ஜிங்க் ஆக்சைடு களிம்பு தடவுங்கள். தேய்த்தால் தோல் உரியும்.

மலமிளக்கி எது, எவ்வளவு?

இசப்கோல்: ஒரு குவித்த தேக்கரண்டி, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரில் கலக்கி, கட்டியாவதற்குள் குடித்து, மேலும் ஒரு கிளாஸ் தண்ணீர். தண்ணீர் குறைத்தால் அதுவே தொண்டையிலும் குடலிலும் அடைக்கும். படுக்கப்போகும்போது வேண்டாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள். ட்ரமடால் போன்றவற்றால் கட்டியவருக்கு இசப்கோல் பொருந்தாது. அசையாத குடலில் பாரம் ஏற்றுவது போல.

லாக்டுலோஸ் சிரப் 15 மி.லி. இரவில், பலன் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும், வயிறு கொஞ்சம் உப்பும். ஒருநாளில் போகவில்லை என்று அளவை மூன்று மடங்காக்குவதுதான் வழக்கமான பிழை; மூன்றாம் நாள் எல்லாம் சேர்ந்து வெள்ளமாகப் போகும். பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள் 17 கிராம் ஒரு கிளாஸ் தண்ணீரில், உப்பல் குறைவு. பிசகோடில் 5 மி.கி. இரவு போட்டால் காலை வேலை செய்யும். அதை நொறுக்கக் கூடாது, பாலோடும் ஜெலுசில் வகைகளோடும் சேர்த்துப் போடக் கூடாது. மேலுறை வயிற்றிலேயே கரைந்து பிடுங்கும்.

விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வயதானவருக்கு, அதுவும் சிறுநீரக, இருதய மருந்து சாப்பிடுகிறவருக்கு வேண்டாம். ஒருநாள் பேதியில் உப்புச்சத்து இறங்கி மயங்கி விழுவார்.

பத்து நாளாக மலச்சிக்கல், இப்போ தண்ணியா ஒழுகுது. பேதி நிறுத்தும் மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. கல்லாகிப்போன மலம் கீழே அடைத்துக்கொண்டிருக்க, மேலிருந்து வரும் நீர் அதன் ஓரமாகக் கசிகிறது. அறியாமல் துணியில் படும், நாற்றமடிக்கும், வயிறு கனமாக இருக்கும். இதைப் பேதி என்று லோபிரமைடு கொடுத்தால் அடைப்பு முற்றும். மருத்துவர் விரலால் பார்த்துச் சொல்வார், எனிமா தேவைப்படலாம். படுத்த படுக்கையில் உள்ளவர்களுக்கு இது சகஜம். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் முட்டுவலியோடு இதையும் சொல்லுங்கள்.

உண்மையான பேதி வந்தால்?

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழுதாக 1 லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில். அரைப் பாக்கெட், அரை லிட்டர் என்று கண்ணளவில் பிரிக்க வேண்டாம். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரும் நல்லதுதான். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதை மட்டும் நம்ப வேண்டாம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பேதி கடுமையாக இருக்கும் நாளில் வலிமாத்திரைகளை நிறுத்துங்கள். வறண்ட உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலிக்குப் பாரசிட்டமால் போதும், நாளைக்கு 3 கிராமுக்குள். மெத்தோட்ரெக்ஸேட் நாள் அன்று வந்தால் டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள். ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, மெட்ஃபார்மின் பற்றியும் அன்றே கேளுங்கள். பல மாதமாகச் சாப்பிடும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை மட்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது. வாந்தியில் அது தங்கவில்லையென்றால் ஊசியாகப் போட மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எதைச் சாப்பிடலாம்?

மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் நம் பக்கத்துச் சாப்பாடு, விடச் சொல்லவில்லை. ஆனால் மரச்சீனியில் நார் குறைவு. ராத்திரி அதையே வயிறு நிறையச் சாப்பிட்டு, காய் தொடாமல் படுத்தால் காலையில் சிரமம்தான். கூட ஒரு கைப்பிடி முருங்கைக்கீரைத் துவரனோ வாழைக்கூம்புத் துவரனோ வையுங்கள். சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும் காலைக்கு நல்ல சேர்க்கை. நாரை வாரத்துக்கு ஒரு படியாகக் கூட்டுங்கள், ஒரேநாளில் கூட்டினால் வாயு. தண்ணீர் நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், சாயங்காலம் ஆறு மணிக்குள் பெரும்பகுதியைக் குடித்துவிட்டால் இரவு எழ வேண்டியது குறையும்.

பழத்தில், நன்றாகப் பழுத்த பாளையங்கோட்டானும் பேயனும் கட்டியவருக்கு. காயாக இருக்கும் ஏத்தன் வாழை எதிர்வேலை செய்யும். வயிறு அடிக்கடி உப்பி, இளகி, வலித்து, பரிசோதனையில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு உள்ளி, பூண்டு, பால், கோதுமை, பயறு, சக்கைப்பழம் (பலா) இவற்றில் ஒன்றிரண்டு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தாமல், ஒன்றை இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள்.

முடக்குவாதக்காரர்களில் சிலருக்குத் தாடை மூட்டும் வலிக்கும், வாயும் வறளும். அவர்களிடம் பனங்கிழங்கைக் கொடுத்து நார்ச்சத்து என்பது கொடுமை. அவித்து, நரம்பு உரித்து, இடித்துக் கொடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்து சரியாகி இரண்டு வாரம் கழித்து முழங்கால் வீங்கிவிட்டது.

சால்மோனெல்லா, ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் குடலில் வந்துபோன பின் ஒன்று முதல் நாலு வாரத்தில் மூட்டு வீங்குவது உண்டு. கண் சிவப்பு, சிறுநீர் எரிச்சலும் கூட வரலாம். பலருக்குச் சில மாதங்களில் அடங்கும். ஆனால் ஒற்றை முழங்கால் சுடச்சுட வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், மூட்டுக்குள்ளேயே சீழ் பிடித்திருக்கலாம். நீரை எடுத்துச் சோதிக்க அன்றே போக வேண்டும்.

மூட்டையும் குடலையும் சேர்த்துப் பிடிக்கும் நோய் என்றீர்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

நாற்பது வயதுக்குள் தொடங்கி, ஓய்வில் கூடி, நடந்தால் குறையும் முதுகுவலி. அதோடு மாதக்கணக்கில் பேதி, ரத்தம், சளி, எடை இறக்கம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுக்கலக்கம். இது சாதாரண வயிற்றுக்கோளாறு அல்ல. முதுகுத்தண்டு இறுக்க வாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் பேருக்குக் குரோன் நோயோ பெருங்குடல் புண் அழற்சியோ சேர்ந்து வரும்; இரண்டுமே குடலின் நாள்பட்ட அழற்சி நோய்கள். மலத்தில் கால்புரொடெக்டின் அளவு (குடல் அழற்சியைக் காட்டுவது), ரத்தத்தில் ஹீமோகுளோபின், சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சியைக் காட்டுவது) பார்த்துவிட்டு, தேவையானால் பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்க்கும் கொலனோஸ்கோபி. வலிமாத்திரையே கால்புரொடெக்டினை ஏற்றும் என்பதால், சோதனைக்கு முன் எதைச் சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம்.

நம் நாட்டில் குடல் காசநோய், குரோன் மாதிரியே வேஷம் போடும். வாதத்துக்கு உயிரியல் ஊசிகள் தொடங்குமுன்னும் காசநோய்ப் பரிசோதனை செய்வார்கள்; அந்த ஊசிகள் உடம்பில் உறங்கிக் கிடக்கும் காசநோயைக் கிளறிவிடலாம். அலைச்சல் என்று தவிர்க்காதீர்கள். ஊசியிலும் வித்தியாசம் உண்டு. அடாலிமுமாப் மூட்டுக்கும் குடலுக்கும் உதவும், எட்டனர்செப்ட் குடல் நோய்க்கு உதவாது, செக்குகினுமாப் குடல் அழற்சியைக் கிளறலாம். மூட்டு டாக்டரிடம் வயிற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவர் எப்படித் தேர்ந்தெடுப்பார்?

வைத்தியரிடம் வாங்கிய பொடி சாப்பிட்டதும் வலி நின்றது, வயிறுதான் கட்டிக்கிடக்கிறது.

குமரியில் வர்ம ஆசான்களும் வைத்தியர்களும் தலைமுறையாக உண்டு. மேலே தடவும் எண்ணெய் குடலுக்கு ஒன்றும் செய்யாது. உள்ளுக்குச் சாப்பிடும், பெயர் ஒட்டாத பொடிதான் கவலை. இரண்டே நாளில் வலி மாயமாய் நின்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். ஈயம் சேர்ந்த பஸ்பமானால் வயிற்றைப் பிடுங்கும் வலியும் கடும் மலச்சிக்கலும் ரத்தசோகையும் வரும். ரத்தத்தில் ஈய அளவைச் சோதிக்கலாம். ஆயுர்வேதம் வேண்டுமென்றால் கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கும் உங்கள் ஆங்கில மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள். கந்தர்வஹஸ்தாதி கஷாயமே மலத்தை இளக்கும். அதன்மேல் லாக்டுலோஸும் குடித்தால் நாள் முழுக்க ஓட்டம்தான்.

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ்ஸில் வயிறு கலக்கினால்?

ரயிலில் போங்கள், கழிப்பறை உண்டு. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 65, 70 கி.மீ.தான் என்றாலும், மார்த்தாண்டம் வழியாகப் பஸ் எப்போது சேரும் என்று சொல்ல முடியாது. முந்திய இரவு எண்ணெய்ப் பலகாரமும் சக்கையும் வேண்டாம். காலையில் வழக்கமான நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே எழுந்து, முதல் தேயிலையை வீட்டிலேயே முடித்து, போய்விட்டுக் கிளம்புங்கள். பையில் மாற்றுத் துணி, நீள மூக்குப் பாட்டில், ஒரு பிளாஸ்டிக் கவர். காய்ச்சலோ ரத்தமோ இல்லாதவர்கள் டாக்டர் சம்மதித்திருந்தால் லோபிரமைடு 2 மி.கி. ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

எப்போது 108-ஐக் கூப்பிட வேண்டும்?

தார் மலம் அல்லது ரத்த வாந்தி. பலகை போல் இறுகிய வயிறும் தாங்காத வலியும். ஸ்டீராய்டோ, வாதத்துக்கு டோஃபாசிடினிப், டோசிலிசுமாப் மருந்துகளோ எடுப்பவர்களுக்குக் குடல் ஓட்டையானாலும் வலியும் காய்ச்சலும் அடங்கியே இருக்கும் என்பதால், அவர்கள் லேசான வலிக்கே போக வேண்டும். வாயுவும் மலமும் நின்று, வயிறு வீங்கி வாந்தி. முதுகுவலியோடு, உட்காரும் இடம் மரத்து, சிறுநீர் நின்று, மலம் தெரியாமல் போவது: தண்டுவட நரம்பு நசுங்குகிறது, மணிக்கணக்குதான் அவகாசம்.

டாக்டரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? கூச்சமாக இருக்கிறது.

சொல்ல வேண்டாம், எழுதிக் கொடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு தாள். தேதி, எத்தனை முறை, எந்த நேரம், எப்படி: ஆட்டுப் புழுக்கை மாதிரியா, கட்டியா, வாழைப்பழம் மாதிரியா, கூழா, தண்ணீரா. பக்கத்தில் அன்று சாப்பிட்ட மாத்திரைகள். ரத்தம் பட்டிருந்தால் சிவப்பு மையில் ஒரு புள்ளி. மாத்திரை அட்டைகளையும் அந்தத் தாளில் சுற்றிக் கொண்டுபோய், உட்கார்ந்ததும் முதலில் அதை மேசையில் வைத்துவிடுங்கள்; முட்டுவலியை அதற்குப் பிறகு சொல்லலாம்.